உச்ச நேர மின்தேவையும் நம் இல்லங்களும்

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம்; மழைநீரை ஏரியில் தேக்கி வைக்கலாம். மின்சாரத்தை அவ்வளவு எளிதில் சேர்த்து வைக்க இயலாது. எந்த நொடியில் எவ்வளவு தேவையோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். தேவை மிகுந்து உற்பத்தி குறைந்தால் 50 ஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண் தாழும். மின்தடங்கள் தாங்காமல் அறுபடும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்திய மாநிலங்கள் இருளில் மூழ்கியதை நாம் அறிவோம்.

தமிழகத்தின் மின்தேவை 2024 மே 2ஆம் நாள் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இத்தகைய உச்சம் ஆண்டில் சில நாட்கள், நாளில் சில மணி நேரமே நீடிக்கும். ஆயினும் அந்தச் சில மணி நேரத்திற்காக மின்நிலையங்களும் கம்பிகளும் ஆயத்தமாக நிற்க வேண்டும். தாலி கட்டும் ஒரு வேளைக்காக ஆண்டு முழுதும் பந்தல் போட்டு வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

பகலில் சூரிய மின்சாரம் கிடைக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடுகிறது. அந்த வேளையில்தான் வீடுகளில் விளக்கும் விசிறியும் மிக்ஸியும் மோட்டாரும் ஒருசேர ஓடுகின்றன.

எங்கள் வீட்டுக் கணக்கு

கண்டமங்கலம் பகுதியில் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியின் கடைசிக் கம்பம் எங்கள் தெருவில் இருக்கிறது. மாலை ஆறரைக்கு மேல் டியூப்லைட் மினுக்கும், எரியாது. என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆளாக அவள் வர வேண்டும். அவள் படிக்கும் நேரமும் விளக்கு மங்கும் நேரமும் ஒன்றாக இருப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது.

எங்கள் வீட்டு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். விளக்கு, விசிறி, டி.வி. ஓடும்போது நிமிடத்திற்கு 10 முறை மின்னியது. அதாவது சுமார் 190 வாட். தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் 60 முறை; சுமார் 1,125 வாட். மற்றவை எல்லாம் சேர்ந்ததைப் போல் ஐந்து மடங்கை மோட்டார் ஒன்றே இழுக்கிறது!

அம்மாவிடம், "மோட்டாரைப் பகலில் போடக் கூடாதா?" என்றேன். "பகல்ல நான் கழனியில இருக்கேன். யார்றா போடுவா?" என்றார். என் இயற்பியல் அதற்கு விடை சொல்லவில்லை. கருவிதான் சொல்லியது.

கருவிகள் செய்யும் வேலை

நேரம் குறித்து வைத்தால் தானே ஓடி நிற்கும் டைமர், தொட்டி நிறைந்ததும் நிறுத்தும் மிதவை சுவிட்ச், கைப்பேசியால் இயக்கும் ஸ்மார்ட் பிளக் ஆகியவை இன்று கடைகளில் கிடைக்கின்றன. இவற்றின் பயன் மின்சாரத்தைக் குறைப்பதைவிட, அதன் நேரத்தை மாற்றுவதே. நியூசிலாந்தில் மின்கம்பி வழியாகவே குறிப்பு அனுப்பி, உச்ச நேரத்தில் வீடுகளின் வெந்நீர்க் கொதிகலன்களை நிறுத்தும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. வெந்நீர் சூடாகவே இருக்கும்; வீட்டாருக்குத் தெரிவதில்லை.

நேரம் மாற்றுவதால் என்ன பயன்? கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பத்து மோட்டார்கள் ஒரே மணி நேரத்தில் ஓடினால் இழப்பு 100 பங்கு எனக் கொள்வோம். ஐந்தைந்தாக இரண்டு மணி நேரம் ஓடினால் 25 + 25 = 50 பங்கே. இறைத்த தண்ணீர் அதே அளவு, இழப்போ பாதி.

ஒரு லட்சம் வீடுகள் ஒரு கிலோவாட் மோட்டாரை மாலையிலிருந்து பகலுக்கு மாற்றினால் 100 மெகாவாட் குறையும். கடம்பாறை நீரேற்று மின்நிலையத்தின் நான்கு இயந்திரங்களில் ஒன்றின் திறன் இது.

ஓர் எச்சரிக்கை

நம் உழவர்கள் இதில் முன்னோடிகள். மும்முனை மின்சாரம் முறை வைத்து வழங்கப்பட்டபோது, இரவில் கண்விழிக்க வேண்டாம் என்று ஆட்டோ ஸ்டார்ட்டரும் பிறகு மொபைல் ஸ்டார்ட்டரும் பொருத்திக்கொண்டார்கள். ஆனால் மின்சாரம் வந்த அதே நொடியில் எல்லா மோட்டார்களும் கிளம்பினால், ஒவ்வொன்றும் ஓடுவதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைத் தொடக்கத்தில் இழுக்கும்; மின்னழுத்தம் சரியும். கருவி மட்டும் அறிவுடையதாக இருந்தால் போதாது. அண்டை வீட்டோடு கலந்து முறை வைத்துக்கொள்ள வேண்டும். மேலும், மோட்டாருக்குச் சிறிய பிளக் தாங்காது; தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு கான்டாக்டருடன் பொருத்துவதே நலம்.

2023 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின்நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பின் நேரத்திற்கேற்ற கட்டணத்திற்கு வழி செய்கின்றன. சூரிய நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல். பகலெல்லாம் உழைத்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புவோருக்கு மாலை ஒன்றே சொந்த நேரம். டைமர் வாங்க வசதியற்ற வீடு அந்தக் கூடுதல் கட்டணத்தைச் சுமக்கும். ஆகவே இக்கருவிகள் குளிர்சாதனம் உள்ள மாடி வீடுகளைவிடக் கூலி வீடுகளுக்கே முதலில் சென்று சேர வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் இப்போது டைமர் நண்பகலில் மோட்டாரைப் போடுகிறது. ஒரு வீடு மாறியதால் டியூப்லைட் எரிந்துவிடவில்லை. பக்கத்து நான்கு வீட்டாரிடமும் மீட்டர் விளக்கை எண்ணிக் காட்டினேன். அவர்களும் ஆளுக்கொரு மணி என்று முறை வைத்துக்கொண்டார்கள். இப்போது பெரும்பாலான மாலைகளில் விளக்கு எரிகிறது, தங்கை படிக்கிறாள்.

மாணவ நண்பர்களே! இன்று மாலை வீடு சென்றதும் ஒரு நிமிடம் உங்கள் மீட்டரின் முன் நின்று எண்ணிப் பாருங்கள். ஆய்வுக்கூடம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.