கையில் எத்தனை நாள் சரக்கு?

"சரக்கைக் குறைக்க வேண்டும்" என்று சொன்னால் போதாது. அதற்கு ஓர் எண் வேண்டும். ஆம்பூரில் மாதம் 30 சிப்பம் சீரகச் சம்பா விற்கும் கடையில் 45 சிப்பம் இருந்தால், அது 45 நாள் சரக்கு. சிப்பம் 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 90,000 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. மூன்று மாதத்தில் இதை 20 நாளாக்கினால் 50,000 ரூபாய் கைக்கு வரும். பழைய அரிசிக்குத்தான் பிரியாணிக் கடையில் மதிப்பு என்பீர்கள். உண்மைதான், பழசாக்கும் வேலையை மண்டிக்காரர்களாகிய எங்களிடம் விடுங்கள்!

தோல் ஆலை, ஷூ கம்பெனிச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும். ஆகவே மாதாமாதம் ஒரே தேதியில் இருப்பு எடுங்கள். ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே வருகிறது. அந்த விற்பனையைச் சென்ற ரம்ஜானோடுதான் ஒப்பிட வேண்டும், ஆங்கில மாதத்தோடு அல்ல.