ஐபாடில் பாடல்கள் ஏறாவிட்டால்

ஐடியூன்ஸ் தொகுப்பிலுள்ள பாடல்கள் ஐபாட் கிளாசிக்கில் வந்து சேராமற்போனால், கருவி பழுதென்று தீர்மானிக்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. கேபிளைக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். இடையிலுள்ள ஹப் போதிய மின்சக்தி அளிக்காதிருக்கலாம்.

2. பாடலருகே ஆச்சரியக்குறி தோன்றினால், கோப்பின் தற்போதைய இடத்தைக் காட்டுங்கள். மூலம் அகப்படாத பாடல் பிரதியாகாது.

3. ஃபிளாக் கோப்புகளை வேறு மென்பொருளால் ஆப்பிள் லாஸ்லெஸ்ஸாக மாற்றுங்கள். ஐடியூன்ஸ் ஃபிளாக்கை ஏற்பதில்லை.

4. வேறொரு கணினியில் இணைக்கும்போது, உள்ளிருப்பதை அழித்து ஒத்திசைக்கலாமா என்று அது கேட்டால் அவசரப்பட்டுச் சம்மதித்துவிடாதீர்கள்; ஒரு சமயத்தில் ஒரே தொகுப்போடுதான் ஐபாட் தானாக ஒத்திசையும் என்பதால், பல்லாண்டுகளாகப் பிரியத்துடன் சேர்த்த பாடல்களெல்லாம் போய், புதிய தொகுப்பே அங்கே குடியேறும். இவ்விஷயத்தில் எவ்வளவு ஜாக்கிரதையும் தகும்.

5. கருவி அசைவற்று நின்றால், ஹோல்ட் விசையை ஒருமுறை தள்ளி மீட்டபின், மெனுவையும் நடுப்பொத்தானையும் ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை சேர்த்து அழுத்துங்கள். இதனால் பாடல்கள் அழியமாட்டா.