பூசணம்: நோயும் மருந்தும்

மழைக்காலத்தில் மூலையில் கிடந்த செருப்பிலும், மூட மறந்த ஊறுகாய் ஜாடியிலும், நனைந்த வைக்கோலிலும் பூசணம் பூத்திருப்பதைக் காணாத அங்கத்தினர் எவரும் இரார். அதைத் துடைத்தெறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆயினும், அற்பமெனத் தோன்றும் இப்பொருள் ஒருவருடைய மூச்சைத் திணற வைக்கவும், மற்றொருவருடைய உயிரை மீட்கவும் வல்லது. நூலோடும் தானியத்தோடும் அன்றாடம் புழங்கும் நாம் இதன் இயல்பை அறிந்திருத்தல் அவசியம்.

இவ்விஷயத்தில் என் அறியாமையை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நெசவாளர் சங்கத்தின் கிடங்கில் சரக்கு இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். கூரை ஒழுகியதால், சுவரோரம் அடுக்கியிருந்த நூல் கட்டுகளில் கரும்புள்ளிகள் கண்டிருந்தன. கிடங்குப் பொறுப்பாளர் அவற்றை எடுத்து உதறும்போதெல்லாம் இருமினார். விடுப்புப் பதிவேட்டிலும் அவர் பெயரே மிகுதியாக இருந்தது. "அடிக்கடி விடுப்பு எடுக்கிறார், கவனிக்கத் தக்கது" என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினேன். நூலில் கண்ட புள்ளிகளைச் சரக்கு நஷ்டம் என்ற தலைப்பின் கீழ் எழுதினேன். மறு ஆண்டு சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. மார்பு நோய் வைத்தியர் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "நீங்கள் வேலை செய்யும் இடம் ஈரமானதா?" என்பதாம். விற்பனைப் பகுதிக்கு மாற்றிய சில மாதங்களில் அவருடைய இருமல் தணிந்திருந்தது. நோயையும் அதன் காரணத்தையும் ஒரே குறிப்பில் எழுதியிருந்தும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தவறிவிட்டேன். அத்தவறே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒவ்வாமை என்பது யாது?

நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்க நம் உடலில் இயற்கையே ஒரு காவற்படையை அமைத்திருக்கிறது. சிலருடைய உடலில் இப்படை, தீங்கு செய்யாத பொருளையும் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுத்துவிடுகிறது. பூவின் மகரந்தமோ, பூசணத்தின் வித்துத்துகளோ, ஒரு மருந்தோ அப்பொருளாக இருக்கலாம். அப்போரின் விளைவே தும்மல், கண் அரிப்பு, தடிப்பு, இழுப்பு முதலியன. வியன்னா நகரின் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906ஆம் ஆண்டில் இந்நிலைக்கு 'அலர்ஜி' என்று பெயரிட்டார். நாம் ஒவ்வாமை என்கிறோம். ஒரே அறையில் பத்துப் பேர் இருக்க, ஒருவர் மட்டும் இருமுவது இதனாலேயே ஆகும். மற்ற ஒன்பது பேருக்கு ஒன்றும் நேரவில்லை என்பதால், அவருடைய இருமல் பாசாங்கு ஆகிவிடாது.

பூசணம் ஈரமான பொருளின்மீது நூலிழை போலப் படர்ந்து, கண்ணுக்குப் புலனாகாத வித்துத்துகள்களைக் காற்றில் பரப்புகிறது. இவை மூச்சைப் பாதிக்கக்கூடும் என்பதைத் தம் உடலிலேயே சோதித்துக் கண்டவர், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வாழ்ந்த சார்லஸ் பிளாக்லி என்னும் வைத்தியர். புல் பூக்கும் பருவத்தில் வரும் தும்மல் நோயால் அவரே அவதிப்பட்டவர். மகரந்தமே அந்நோய்க்குக் காரணம் என்பதை நிலைநாட்டி 1873இல் நூல் வெளியிட்டார். ஈர வைக்கோலில் பூசணம் வளர்த்து அதன் துகளை முகர்ந்ததையும் அந்நூலில் விவரித்திருக்கிறார். குரல் கம்மி, பேச்சே எழாமற்போய், மார்புச்சளியில் முடிந்ததாம். அச்சோதனையை மீண்டும் செய்து பார்க்க அவர் விரும்பவில்லை!

ஒரே மாடிப்படியில் நோயும் மருந்தும்

பூசணத்தின் இரு முகங்களும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் லண்டன் மாநகரின் செயின்ட் மேரி மருத்துவமனை. அங்கே லெனார்ட் நூன் என்பவர், மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்தி, அளவைப் படிப்படியாகக் கூட்டி, உடலைப் பழக்கும் முறையை 1911இல் வெளியிட்டார். ஒவ்வாமைக்கு இன்றும் இம்முறையில் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்தவர் ஜான் ஃப்ரீமன். வீட்டுப் பூசணங்களும் ஆஸ்துமாவுக்குக் காரணமாகலாம் என்ற எண்ணத்தால், பூசண இயல் அறிந்த லா டூஷ் என்பவர் அங்கே பணியில் அமர்த்தப்பட்டார். அவர் ஆஸ்துமா நோயாளிகளின் வீடுகளிலிருந்து பூசணங்களைச் சேகரித்து வளர்த்து வந்தார்.

அவருடைய ஆய்வறைக்கு மேல்மாடியில் இருந்தது அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் அறை. 1928 செப்டம்பரில், விடுமுறை கழிந்து திரும்பிய ஃபிளெமிங், கிருமி வளர்த்திருந்த தட்டு ஒன்றில் பூசணம் விழுந்திருப்பதையும், அதைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்துபோயிருப்பதையும் கண்டார். அதுவே பெனிசிலினின் தோற்றம். அப்பூசணத்தின் வித்து, கீழ்மாடியில் லா டூஷ் வளர்த்தவற்றிலிருந்தே மிதந்து வந்திருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் பலருடைய கருத்து. நோயின் காரணத்தை அறியக் கொண்டுவந்த பூசணம் நோயின் மருந்தாகியது!

ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் பாடுபட்டு அதனை மருந்தாக்கினர். 1941இல் முதன்முதலாக நோயாளிக்கு அளித்துப் பார்த்தனர். நம் நாட்டிலும் புனேக்கு அருகிலுள்ள பிம்ப்ரியில், பெனிசிலின் தயாரிப்பதற்காக இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசாங்கத் தொழிற்சாலை 1954இல் நிறுவப்பட்டது.

ஆயின், உயிர் காக்கும் அம்மருந்தே சிலருக்கு ஒவ்வாமை தருவதுண்டு. தடிப்பு மட்டும் தோன்றலாம். அரிதாக, சில நிமிஷங்களில் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அவ்வேளையில் அட்ரினலின் ஊசியே உயிர் காப்பது. எனவே, முன்பு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாதிருந்தால் அதன் பெயரை எழுதி வைத்து, ஒவ்வொரு வைத்தியரிடமும் கூறுதல் வேண்டும். அதே சமயம், பெனிசிலின் தமக்கு ஆகாது என்று எண்ணியிருப்பவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது என்பதும் தெரியவந்துள்ளது. இச்சோதனையை வைத்தியரே செய்ய வேண்டும்; நாமாகச் செய்து பார்த்தல் கூடாது.

வைக்கோற்போரும் நுரையீரலும்

இனி நம் தொழில்களுக்கு வருவோம். இங்கிலாந்தின் வடபகுதியில் வெஸ்ட்மர்லாந்து என்னும் மழை மிகுந்த மாவட்டத்தில், பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணையாட்களுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டதை, காம்பெல் என்ற வைத்தியர் 1932இல் எழுதினார். 'விவசாயி நுரையீரல்' என இந்நோய்க்குப் பெயர் வழங்குகிறது. முற்றும் உலராத புல்லைக் கட்டி அடுக்கினால், அது உள்ளுக்குள் புழுங்கி 50, 60 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். அச்சூட்டில் ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்கள் பெருகும். இவையே இந்நோய்க்கு முக்கிய காரணம் என்று ஜாக் பெப்பிஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1963இல் நிறுவினர். இவற்றின் துகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆதலால், நுரையீரலின் அடி ஆழம் வரை சென்றுவிடுகிறது.

இந்நோய் உடனே தெரிவதில்லை. காலையில் போரைப் பிரித்தவருக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் வறட்டிருமலும் காணும். அவர் சாதாரணக் காய்ச்சல் என்று கருதுவார். இரண்டொரு நாளில் குணமாகும். மீண்டும் போரைப் பிரிப்பார். இவ்வாறு பலமுறை நேர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து, இழந்த மூச்சு திரும்பாமலே போகலாம். கரும்புச் சக்கையை ஈரத்தோடு குவித்து வைத்துக் கையாளுவோருக்கும் இதையொத்த நோய் வருவதுண்டு. இங்கும் ஒரு விந்தை உண்டு. காசநோய்க்கு மருந்தாக 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினை அளித்த மண் நுண்ணுயிரும் இந்த ஆக்டினோமைசீட் குலத்தைச் சேர்ந்ததே.

பாவும் பஞ்சும்

இங்கிலாந்தின் பருத்தி ஆலைகளில் 'நெசவாளர் இருமல்' என்ற ஒரு நோய் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அறியப்பட்டிருந்தது. கஞ்சிப்பசை ஏற்றிய பாவு ஈரத்தில் பூசணம் பிடித்து, தறியில் ஓடும்போது அதன் தூசி மேலெழுந்து நெய்பவருடைய மூச்சில் கலந்தது. பூசணமின்றிப் பசையும் இருமலைத் தரலாம். நம்மவர் நன்கறிந்த புளியங்கொட்டைத் தூளைப் பசையாகப் பயன்படுத்திய இடத்தில் இவ்விருமல் பரவியது குறித்து, அந்நாட்டு வைத்தியர்கள் 1957இல் ஆய்வுரை வெளியிட்டனர்.

பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நோயோ வேறு வகையானது. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவுடன் மார்பு இறுகும். நாள் செல்லச் செல்லத் தணியும். பஞ்சு அடிக்கும் இடத்திலும் சிக்கெடுக்கும் இடத்திலும் இது மிகுதி, நெசவில் குறைவு. பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்னும் நச்சுப்பொருள் இதற்கு முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது. திங்கட்கிழமையில் வேலைக்குத் தயங்குபவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவருக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் அவருடைய மூச்சுக்குழாயிலேயே தங்கி வளர்ந்து, கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். இருமல், சளி, எக்ஸ்ரேயில் நிழல் ஆகியவற்றைக் கண்டு காசநோய் என்று கருதி, அதற்குரிய மருந்தை உட்கொண்டு வீணே காலம் கழித்தவர்கள் நம் நாட்டில் பலர். சளிச் சோதனையில் காசநோய்க் கிருமி காணாமலும், மருந்தால் குணம் தெரியாமலும் இருந்தால், இது பற்றி வைத்தியரிடம் கேட்டல் நன்று. ஆயினும், தொடங்கிய மருந்தைத் தாமாக நிறுத்துதல் தகாது.

நுண்ணுயிர் யாவும் பகையல்ல

இதனைப் படித்துவிட்டு, மாட்டுக் கொட்டிலையும் மண்ணையும் கண்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என இரு விவசாயச் சமூகத்தார் உளர். ஆமிஷ் மக்கள் பழைய முறையில் குதிரை கட்டி உழுபவர்கள். அவர்களுடைய குழந்தைகள் கால்நடைகளின் அருகிலேயே வளர்பவர்கள். ஹட்டரைட் மக்களோ பெரும் பண்ணைகளில் இயந்திரம் கொண்டு பயிரிடுபவர்கள். இவ்விரு சமூகக் குழந்தைகளைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வில், ஆஸ்துமா ஆமிஷ் குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேருக்கும், ஹட்டரைட் குழந்தைகளில் 21 பேருக்கும் இருந்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதி! இளம் வயதில் பலவகை நுண்ணுயிர்களோடு பழகும் உடல், பகைவர் யார், அயலார் யார் என்பதைக் கற்றுக்கொள்கிறது போலும். பஞ்சாலையில் தீங்கு செய்யும் பொருள் கொட்டிலருகே காவலாக நிற்பதைக் காண்கிறோம். அளவும், வயதும், சூழலும், உடலின் இயல்புமே நன்மை தீமைகளை வகுக்கின்றன.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, ஈரத்தை ஒழித்தல். மழைக்கு முன்னரே கிடங்கின் கூரையைச் செப்பனிட வேண்டும். நூல் கட்டுகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின்மீது, காற்று புகுமாறு அடுக்க வேண்டும். வைக்கோலை நன்கு உலர்த்திய பின்னரே போர் போடுதல் வேண்டும்.

இரண்டாவது, தூசியைக் கிளப்பாதிருத்தல். பூசணம் பிடித்த கட்டை மூடிய அறையில் உதறக் கூடாது. கழித்தெறிய வேண்டிய கெட்ட வைக்கோலைச் சற்று நீர் தெளித்து, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று அகற்ற வேண்டும். மூக்கில் கட்டும் துண்டு இந்நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் நுண்தூசிக் கவசமே தடுக்கும். இழுப்பு உள்ளவரை இவ்வேலைக்கு அனுப்பலாகாது.

மூன்றாவது, குறித்து வைத்தல். இருமல் எப்போது வருகிறது, எவ்வேலைக்குப் பின் வருகிறது, விடுமுறையில் தணிகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டினால், அவருடைய வேலை பாதி எளிதாகும்.

நான்காவது, நிர்வாகக் குழுவின் கடமை. கூரைச் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது சிக்கனம் அன்று. நனைந்த நூலின் விலையைக் கணக்கில் எழுதிவிடலாம். கெட்டுப்போன நுரையீரலுக்கு எந்தப் பதிவேட்டிலும் ஈடு இல்லை.

இப்போது நான் கிடங்குகளைப் பார்வையிடும்போது, இருப்புப் பதிவேட்டைத் திறக்குமுன் கூரையை நிமிர்ந்து பார்க்கிறேன், அங்கே வேலை செய்பவரிடம், "மூச்சு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறேன். கூட்டுறவு என்பது சரக்கைக் கூட்டாகக் காப்பது மட்டுமன்று. சரக்கை ஆக்குபவரையும் கூட்டாகக் காப்பதாகும். அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன். மழை வருமுன் பேசினால் பயன் மிகுதி.