தொப்பூர்ச் சுற்றுவட்டாரத் தாதுக்களும் நுண்ணுயிர்களும்

நம்பிக்கை: உலோகத் தாது என்றாலே பூமியின் ஆழத்து வெப்பத்தில் உருவானதுதான்.

உண்மை: பாதிதான் சரி. தொப்பூர்க் கணவாயை அடுத்த சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை, 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருப்பெற்றது. அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து மாலிப்டினம் தாதுவும் ஆழத்திலிருந்து ஏறிவந்த சுடுநீர்க் கரைசல்கள் பாறைப் பிளவுகளில் விட்டுச்சென்றதே. இதுவரை அறியப்பட்டவற்றில் எந்த நுண்ணுயிரும் 122 டிகிரிக்கு மேல் பெருகுவதில்லை. ஆகவே இவ்விரண்டிலும் அவற்றுக்கு வேலையில்லை.

இரும்பின் கதை வேறு. தெற்கே சேலத்துக் கஞ்சமலையிலும் கிழக்கே தீர்த்தமலையிலும் கருநிறக் காந்தக்கல்லும் வெண்ணிறக் குவார்ட்சும் வரிவரியாக அடுக்கியிருக்கும். இவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த வண்டல்கள். அக்காலக் கடல்நீரில் ஆக்சிஜன் அநேகமாக இல்லாததால் இரும்பு கரைந்தே கிடந்தது. நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் வெளிவிட்ட ஆக்சிஜன் பட்டு அது துருவாகிப் படிந்தது என்பது ஒரு விளக்கம். ஆக்சிஜன் இல்லாமலே சூரிய ஒளியைக் கொண்டு இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியாக்களுக்கும் பெரும் பங்குண்டு என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். பின்னர் வந்த வெப்பமும் அழுத்தமும் அத்துருவைக் காந்தக்கல்லாக மாற்றிவிட்டதால், உயிரின் தடத்தை இப்பாறைகளில் நேராகப் பார்க்க முடியாது.

நம்பிக்கை: சில பாக்டீரியாக்கள் தங்கத்தையே உண்டாக்கும்.

உண்மை: எந்த உயிரும் ஒரு தனிமத்தை இன்னொன்றாக மாற்றாது. குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்ற பாக்டீரியா, தனக்கு நஞ்சான தங்கக் கரைசலைத் திடத் துகளாக்கி ஒதுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். நீரில் தங்கம் இல்லையென்றால் துகளும் இல்லை.

நம்பிக்கை: ஓடையில் செம்மஞ்சள் சகதியும் எண்ணெய் மினுமினுப்பும் தெரிந்தால் டீசல் கலந்துவிட்டது.

உண்மை: லாரி விபத்துகள் மலிந்த தொப்பூரில் இப்படிச் சந்தேகிப்பது இயல்புதான். ஆனால் ஊற்றுநீர் கசியும் இடங்களில் இரும்புப் பாக்டீரியாக்களாலும் அதே தோற்றம் வரும். குச்சியால் கிளறினால் பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லுபோல உடைந்து தனித்தனியே நிற்கும். எண்ணெய்ப் படலம் மறுபடி கூடிக்கொள்ளும். சகதியில் இருப்பது இரும்பு ஆக்சைடு: தாதுப் படிவு கண்முன்னே உருவாகும் எளிய நிலை இது. அந்த நீர் குடிக்க ஏற்றதா என்பதற்குக் குச்சிச் சோதனை விடை சொல்லாது. புளோரைடு மிகுந்த தருமபுரி மாவட்டத்தில் அதற்கு ஆய்வகப் பரிசோதனையே தேவை.