பாடசாலைக் கூட்டெருவும் வயல் வைக்கோலும்

கிரான் பகுதி நெல், மரக்கறிப் பயிர்ச் செய்கையாளருக்கு

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்ததும் கிரானுக்கு மேற்கேயுள்ள வட்டைகளில் மாலை வேளையிற் புகை எழுவதைக் காணலாம். அறுவடை இயந்திரம் வரிவரியாக விட்டுச் சென்ற வைக்கோலுக்கு அங்கே தீ மூட்டப்படுகிறது. ஊர்ப் பாடசாலையின் ஆரம்ப வகுப்புகளிலோ சிறுவர்கள் முற்றத்தில் உதிர்ந்த வேப்பிலையையும் பூவரசிலையையும் கூட்டிக் குவித்து, உக்கும் பொருள் எது, உக்காத பொருள் எது எனப் பிரித்தறியப் பழகுகின்றனர். பிள்ளை பாடசாலையிற் பசளை செய்யக் கற்கிறது; தகப்பன் வயலிற் பசளையை எரிக்கிறார். இவ்விரண்டையும் ஒரே வேலையாக்கும் முறையை இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது.

பாடசாலையிற் தோட்டமிடுதல் இலங்கைக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமப் பாடசாலைகள் பலவற்றிற் பள்ளித் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 1999ஆம் ஆண்டில் நாடெங்கும் முதலாந் தரத்திற் தொடங்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' தனியொரு பாடமாகவே இடம்பெற்றது. எனினும், தொடங்கிய தோட்டங்களுள் நிலைத்தவை சிலவே. விடுமுறையில் நீரூற்ற ஆளில்லை, மணற்றரைக்கு இடப் பசளையில்லை, வேலியடைக்கக் கம்பில்லை. இக்குறைகளை ஆசிரியர் தலையிற் போடுதல் முறையன்று. எட்டு வயதுப் பிள்ளைகள் கூட்டிய சருகு ஒரு பாத்திக்கும் போதாது. தோட்டத்துக்கு வேண்டிய வைக்கோலும் சாணமும் ஊரிலேதான் உள்ளன.

வைக்கோலின் பெறுமதி

நல்ல விளைச்சல் கண்ட வயலில் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 தொன் வைக்கோல் எஞ்சும். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், ஏறத்தாழ 15 கிலோ பொற்றாசியமும் அடங்கியுள்ளன. இப்பொற்றாசியத்தைக் கடையில் வாங்குவதாயின் 30 கிலோ அளவான மியூறியேற்றுப் பொற்றாசு வேண்டியிருக்கும். எரிக்கும்போது நைதரசன் ஏறக்குறைய முழுவதும் காற்றிற் கலந்துவிடும். சாம்பலில் எஞ்சும் பொற்றாசியமும் முதல் மழையில் வக்கடை வழியே வாய்க்காலுக்குப் போய்ச் சேரும்.

முன்னாளிற் களவெட்டியிற் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்திற் குவிந்து கிடந்தது. மாட்டுக்கும் கூரைக்கும் உதவியது. இன்று அது வயலெங்கும் பரந்து கிடப்பதால், உழவுக்கு இடைஞ்சல் என எண்ணித் தீ வைக்கின்றனர். இன்னொரு காரணமும் உண்டு. உக்காத வைக்கோலை உழுது மறுநாளே விதைத்தவர்கள், பயிர் மஞ்சளாவதைக் கண்டு வைக்கோலை வெறுத்தனர். வைக்கோலை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தமக்கு எடுத்துக் கொள்வதாலேயே பயிர் மஞ்சளாகின்றது. முதலுழவிலேயே வைக்கோலை மண்ணிற் புதைத்து, நீர் கட்டி, விதைப்புக்கு முன் இரண்டு கிழமையாவது விடுவோர்க்கு இத்தொல்லை பெரும்பாலும் நேராது.

2021ஆம் ஆண்டு வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதையும், அவ்வாண்டு கார்த்திகையில் அத்தடை நீக்கப்பட்டதையும் எவரும் மறந்திரார். 2021/22 பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை பயனற்றது என்று அதிலிருந்து முடிவு கட்டுதல் தவறாகும். பல்லாண்டுகளாக வைக்கோலை எரித்து வறிதாக்கிய மண்ணை ஒரே போகத்திற் திருத்த இயலாது என்பதையே அப்போகம் காட்டியது. அளவான இரசாயனப் பசளையைக் கைவிடாது, ஆண்டுதோறும் வைக்கோலையும் கூட்டெருவையும் மண்ணுக்குக் கொடுத்துவருதலே தக்க வழி.

குழியா, குவியலா?

கூட்டெருவுக்குக் குழி தோண்டும்படி பாடநூல் கூறும். கிரானில் அது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. வாவியையும் ஆற்றையும் அண்டிய இப்பகுதியில் ஐப்பசி முதல் தை வரை நிலத்தடி நீர் மேலெழும். புலிபாய்ந்தகல் வீதி நீரில் மூழ்கும் நாட்களிற் பாடசாலைக் குழியும் நீர்த்தொட்டியாகிவிடும். நீர் நின்ற குழியிற் பொருள்கள் உக்குவதில்லை, அழுகி நாற்றமெடுக்கும், சத்தும் கரைந்தோடும். ஆதலின் மாரியில் மேட்டு நிலத்திற் குவியலும், கச்சான் காற்று வீசும் கோடையில் ஈரம் காக்கும் ஆழமற்ற குழியும் அமைத்தல் நன்று. எக்காலத்திலும் மர நிழலே ஏற்ற இடம். கிணற்றுக்கு அருகே அமைத்தலாகாது.

5 அடிச் சதுரமான இடத்தில் முதலிற் தடித்த குச்சிகளைப் பரப்புக. அதன்மேல் நறுக்கிய வைக்கோல் அரை அடி. அதன்மேற் கிளிரிசீடியா, பூவரசு முதலியவற்றின் பச்சையிலை கால் அடி. அதன்மேல் மாட்டுப் பட்டியிலிருந்து எடுத்த சாணத்தை நீரிற் கரைத்துத் தெளித்து, ஒரு பிடி பழைய கூட்டெருவோ மேன்மண்ணோ தூவுக. இவ்வாறு 4 அடி உயரம் வரும்வரை அடுக்கிக் கிடுகால் மூடுக. பச்சையிலையைச் சிலர் குறைத்து விடுகின்றனர். வெறும் வைக்கோல் ஆறு மாதமாகியும் வைக்கோலாகவே கிடக்கும்.

குவியலின் நடுவே நீண்ட கம்பொன்றைச் செருகி வைத்தல் வேண்டும். ஐந்தாம் நாள் அதை உருவித் தொட்டாற் கை சுட வேண்டும். சுடாவிடின் ஈரமோ பச்சையிலையோ போதாது என்று கொள்க. ஈரத்தை அறிவது எளிது. ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தாற் கை நனைய வேண்டும், நீர் ஒழுகலாகாது. மூன்றாம் கிழமையிலும் ஆறாம் கிழமையிலும் புரட்டினால், மூன்று மாதமளவிற் கருநிறமான, மண் வாசனையுள்ள எரு கிடைக்கும். குவியலிற் பாம்பும் தேளும் ஒதுங்குமாதலால் வைக்கோல் நறுக்குதலும் புரட்டுதலும் பெரியவர்க்குரிய வேலைகள். பிள்ளைகள் இலை சேர்க்கலாம், கம்பைத் தொட்டுப் பார்த்துக் குறித்து வைக்கலாம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் கட்டாயம்.

மாசி, பங்குனியிற் குவித்த வைக்கோல் ஆனிக்குள் எருவாகிவிடும். அதை மழை படாமற் காத்து, மாரித் தோட்டத்துக்கு 10 அடி நீளமும் 3 அடி அகலமுமான பாத்தியொன்றுக்கு 3 கிலோவுக்குக் குறையாமல் இடலாம். கடற்கரைப் பக்க மணலிற் கத்தரி, மிளகாய், வெண்டி செய்வோர் கூடுதலாக இடினும் கேடில்லை.

பிள்ளைகள் செய்யும் பரிசோதனைகள்

அடியில் துளையிட்ட தகரப் பேணிகள் இரண்டை எடுத்து, ஒன்றில் வெறும் மணலும், மற்றதிற் பாதி மணலும் பாதி கூட்டெருவும் நிரப்பி, இரண்டிலும் ஒவ்வொரு கோப்பை நீரூற்றுக. கீழே ஒழுகும் நீரைப் பிள்ளைகளே அளப்பர். மணற்பேணி பெற்ற நீரிற் பெரும்பகுதியைக் கைவிட்டுவிடும். ஒரு நாளைக்கு இருமுறை நீரிறைத்துக் களைக்கும் தோட்டக்காரர் இதை ஒருமுறை பார்ப்பாராயின் வேறு விளக்கம் வேண்டியதில்லை. பரிசோதனை முடிந்த பேணிகளை மழையிற் போட்டுவிடலாகாது. அவற்றில் நீர் தேங்கினால் நுளம்பு பெருகும்.

வாழையிலை, கடதாசி, சணற்சாக்குத் துண்டு, பசளைப் பையின் துண்டு ஆகியவற்றைத் தனித்தனியே புதைத்து, அடையாளக் குச்சி நாட்டி, மூன்று மாதத்தின் பின் தோண்டிப் பார்ப்பது இன்னொன்று. பசளைப் பையின் துண்டு புதைத்தபடியே வெளிவரும். 2017ஆம் ஆண்டு புரட்டாதியில் மெல்லிய பொலித்தீன் பைகளும் சோறு கட்டும் தாள்களும் நாட்டிற் தடை செய்யப்பட்டன. ஆயினும் வயல் வரம்பிற் கிழிந்து கிடக்கும் பைகளை அகற்றுவது கமக்காரர் கையிலேயே உள்ளது. அண்டை மாவட்டமான அம்பாறையிற் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் கழிவை உண்டு, எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் வரை மாண்டதாக 2022ஆம் ஆண்டு தையிற் செய்தி வெளியாயிற்று. வீதியோரம் மேயும் நம் மாடுகளும் அதையே தின்கின்றன.

நீர்த்தாவரங்களைப் பற்றி ஒரு சொல். ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டுவந்து பார்ப்பது நல்லதே. பார்த்தபின் வாய்க்காலில் எறிதல் ஆகாது. வெயிலிற் காயவிட்டுக் குவியலிற் சேர்த்தல் வேண்டும். வயலையும் குளத்தையும் மூடிய சல்வீனியாவே, 1939ஆம் ஆண்டிற் கொழும்பிலே தாவரவியல் கற்பிப்பதற்கெனக் கொணரப்பட்டுப் பின் வெளியே பரவியதுதான்.

வாடியிலுள்ள வெற்றுப் போத்தல்

பாடசாலையில் வெற்றுப் போத்தல் சேர்க்கும் நாளும், போத்தலிற் பூச்செடி நடும் வேலையும் உண்டு. கண்ணில் முதலில் அகப்படும் போத்தலையே பிள்ளை எடுத்து வரும். அது வாடியிற் கிடந்த களைநாசினிப் போத்தலாக இருந்தால் விளைவு என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெறுமையாகத் தோன்றும் போத்தலிலும் நஞ்சு எஞ்சியிருக்கும். தெளிக்கும் நாளிலேயே போத்தலை மும்முறை நீர்விட்டுக் கழுவி, அந்நீரைத் தெளிகருவியினுள்ளேயே ஊற்றி, போத்தலின் அடியைத் துளைத்துப் பூட்டிய இடத்தில் வைத்தல் வேண்டும். வாய்க்காலிற் கழுவினால் அந்நீர் வாவியை அடையும். எரித்தால் நச்சுப்புகை எழும். குடிநீர்ப் போத்தலில் நஞ்சை மாற்றி ஊற்றும் வழக்கத்தை இன்றே விடுதல் வேண்டும். களைநாசினி தெளித்த தரையிலிருந்து எடுத்த புல்லையும் வைக்கோலையும் பாடசாலைக் குவியலுக்குக் கொடாதீர்கள்.

மரம் நடும் காலம்

உலகச் சுற்றாடல் தினம் ஆனி 5ஆம் நாள் வருகிறது. அன்று பாடசாலைகளிற் கன்று நடுவது வழக்கம். மட்டக்களப்பிலோ அது கச்சான் அனல் வீசும் காலம். அன்று நட்ட கன்று ஆவணிக்குள் காய்ந்து, அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று நடப்படுகிறது. விழாவை ஆனியில் நடத்துக. அன்று விதையைப் பையிலிட்டு நாற்று வளர்க்கத் தொடங்குக. ஐப்பசியில் முதல் மழை மண்ணிற் பதிந்தபின் கன்றுகளை வெளியே நடுக. வேலியோரத்துக்குக் கிளிரிசீடியாத் தடிகளே போதும். மறு ஆண்டு முதல் குவியலுக்கு வேண்டிய பச்சையிலையை அவையே தரும். வாவிக்கரைப் பாடசாலைகள் கண்டல், தில்லை முதலிய மரங்களைப் பிள்ளைகளுக்கு இனங்காட்டலாம். கரையரிப்பைத் தடுத்து மீன்குஞ்சுக்குப் புகலிடமாகும் அம்மரங்களை விறகுக்கு வெட்டுவதை முதலில் நிறுத்துவோம். புதிதாக நடுவதைப் பின்னர் பார்க்கலாம்.

ஊரார் செய்யவேண்டுவது அதிகமன்று. அறுவடை முடிந்த கிழமையில் வட்டைக்கு ஒரு உழவு இயந்திரப் பெட்டி வைக்கோலும், பட்டிக்காரர் இரண்டு சாக்குச் சாணமும் பாடசாலைக்குக் கொடுத்தாற் போதும். கமக்காரர் அமைப்பு இருவரைப் புரட்டும் நாளில் அனுப்பலாம். விடுமுறைக்கு முன்னரே எந்த நாளில் எந்த வீட்டார் நீரூற்றுவது என முறை எழுதி அதிபரிடம் கொடுத்தல் வேண்டும். பாடசாலைப் பாத்திக்குப் போக எஞ்சும் எருவைக் கொடுத்தவர்களே பங்கிட்டுக் கொள்க. அதைத் தம் வயலில் ஒரு வரவைக்கு மட்டும் இட்டு, வைக்கோல் எரித்த பக்கத்து வரவையோடு இரண்டு போகம் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. குவியல் சூடாகாவிடினும், மண்ணைப் பரிசோதிக்க விரும்பினும், அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு பேசலாம்.