ஓட்டுநரின் ஒரு நாள்

நுழையும்முன்

அரிசி, காய்கறி, மருந்து, நம் பாடநூல் ஆகிய அனைத்தும் லாரியில் பயணம் செய்தே நம்மை வந்தடைகின்றன. அந்த லாரியை ஓட்டுபவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பணி செய்யலாம்? இவ்வினாவிற்குச் சட்டம் ஒரு விடை கூறுகிறது. சாலை வேறொரு விடை கூறுகிறது. அவ்விரண்டையும் இப்பாடத்தில் காண்போம்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அது ஓட்டுநரின் பணி நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. நீண்ட தொலைவு வழித்தடங்களில் உரிய அலுவலரின் ஒப்புதலுடன் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி வரை பணி செய்ய அது இடமளித்தது. 5 மணி நேரப் பணிக்குப் பின் அரை மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என அது விதித்தது. ஒரு நாள் பணி முடிந்து அடுத்த நாள் பணி தொடங்கும்முன் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் அது கூறியது. வாரம் ஒரு நாள் விடுப்பும் அளித்தது.

இச்சட்டம் 2025 வரை, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு உரியதாக இருந்தது. எனினும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், போக்குவரத்து வாகன ஓட்டுநர்களின் பணி நேரம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவாறே அமைய வேண்டும் என்கிறது. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒருங்கிணைத்து 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டத்திலும் 8 மணி நேரம் என்பதே அடிப்படை.

கணக்கிட்டுப் பார்ப்போம்

மைசூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 480 கிலோமீட்டர். லாரி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். ஓட்டும் நேரம் மட்டும் 12 மணி ஆகும். மாலை 6 மணிக்குப் புறப்படும் லாரி, எங்கும் நில்லாமல் ஓடினால் மறுநாள் காலை 6 மணிக்குச் சென்னையை அடையும்.

ஓட்டுநர் ஒருவரே இருந்து 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளவாறு ஓட்டினால் என்ன ஆகும்? நீண்ட தொலைவிற்குரிய 10 மணி நேர வரம்பையே எடுத்துக்கொள்வோம். 5 மணி நேரம் ஓட்டி, அரை மணி நேரம் ஓய்ந்து, மீண்டும் 5 மணி நேரம் ஓட்டும்போது விடியற்காலை 4.30 ஆகிவிடும். பின்னர் 9 மணி நேர ஓய்வு. பிற்பகல் 1.30 மணிக்குப் புறப்பட்டு 3.30 மணிக்குச் சென்னையை அடைவார். ஆகவே, ‘விடிவதற்குள் சரக்கு வந்து சேர வேண்டும்’ என்று கேட்கும்போதே, ஓட்டுநர் வரம்பை மீற வேண்டும் என்பதும் அதனுள் அடங்கிவிடுகிறது.

ஒரு லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் இச்சிக்கல் பெரிதும் தீரும். தேசிய உரிமம் பெற்ற லாரிகளுக்கு இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும் என்றே முன்னர் விதி இருந்தது. 2018இல் அவ்விதி நீக்கப்பட்டது.

வரம்பு மீறப்படுவது ஏன்?

பல ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் ஊதியம் பெறுவதில்லை. பயணக் கணக்கில் படி பெறுகின்றனர். மாதத்தில் பயணம் குறைந்தால் வீட்டிற்கு அனுப்பும் பணமும் குறையும். சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருந்த நேரத்தைச் சாலையில் விரைந்து ஈடுசெய்ய முயல்கின்றனர். ஒன்றிரண்டு லாரிகளை மட்டுமே வைத்திருக்கும் உரிமையாளருக்கோ மாதத் தவணை காத்திருக்கிறது. இதனைப் பேராசை என்று எளிதில் கூறிவிட இயலாது.

ஆனால் உடல் இக்காரணங்களை ஏற்பதில்லை. நள்ளிரவு கடந்து விடியும் வரையிலான நேரத்தில் உறக்கம் மிக வலிந்து வரும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்துள்ள எல்லை 0.03 விழுக்காடே. மது அருந்தியவரை ஊதச் செய்து காவலர் கண்டறியலாம். உறக்கமின்மையைக் காட்டும் அத்தகைய கருவி நம் சாலைகளில் இல்லை.

காட்டின் வாயில்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகக் குண்டலுப்பேட்டை சென்றால் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கூடலூருக்கும், மற்றொன்று சுல்தான் பத்தேரிக்கும் செல்லும். இரண்டும் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்பவை. 2009 முதல் இச்சாலைகள் இரவு 9 மணிக்கு மூடப்பட்டுக் காலை 6 மணிக்குத் திறக்கப்படுகின்றன. 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் 2022இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் இரவுப் போக்குவரத்திற்குக் கட்டுப்பாடு வந்தது.

இவை வனவிலங்குகளைக் காக்க எழுந்த தடைகள். யானையும் மானும் அச்சமின்றிச் சாலையைக் கடக்க ஒரு வாயில் மூடுகிறது. மூடியதும் எல்லா லாரிகளும் நிற்கின்றன. எந்த உரிமையாளரும் தம் ஓட்டுநரை நோக்கி ‘ஏன் நின்றாய்?’ என்று கேட்பதில்லை. ஓட்டுநரின் உறக்கத்தைக் காக்கும் சட்டம் அதைவிடப் பழையது. ஆனால் அதற்கு இத்தகைய வாயில் இல்லை. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அதனை நிலைநாட்டும் வழியும் வேண்டும் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் நாளொன்றுக்கு 9 மணி நேரமே லாரி ஓட்டலாம். வாரத்தில் இருமுறை மட்டும் 10 மணி நேரம் வரை ஓட்டலாம். நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட ஓய்வு கட்டாயம். வண்டியில் பொருத்தப்பட்ட பதிவுக்கருவி இவற்றைக் குறித்து வைக்கிறது. அமெரிக்காவில் 2017 இறுதியில் மின்னணுப் பதிவுக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் ஓட்டுநரின் மிகைநேரப் பணி ஆண்டிற்கு 960 மணி என வரையறுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஒரு நல்ல மாற்றம் வந்துள்ளது. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகியுள்ளது. எனினும் வெப்பம் தணிந்த அறை உறக்கத்திற்கு ஈடாகாது. பதிவுக்கருவியும், பாதுகாப்பான ஓய்விடமும், பணி நேரத்திற்கேற்ற ஊதியமும் சேர்ந்தால்தான் சட்டம் சாலைக்கு வரும். சரக்கு சற்றுத் தாமதமாக வருவதை ஏற்கும் மனம் நமக்கும் வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலரின் தந்தையோ மாமாவோ இத்தொழிலில் இருக்கலாம். அவர் வழியில் நிறுத்தி உறங்கினால் அது சோம்பல் அன்று. சட்டம் அவருக்கு அளித்த உரிமை.

சொல்லும் பொருளும்

படி – பயணச் செலவிற்கும் உழைப்பிற்கும் தரும் தொகை
தவணை – கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்துதல்
வாயில் – நுழைவிடம்
மிகைநேரம் – வரையறுத்த நேரத்திற்கு மேற்பட்ட நேரம்

மொழியை அறிவோம்

‘லாரி’ ஆங்கிலச் சொல். அதற்குத் தமிழில் ‘சரக்குந்து’ (சரக்கு + உந்து) என்னும் சொல் வழங்குகிறது. ‘உறக்கம்’ தமிழ்ச்சொல். தமிழில் ‘நித்திரை’ என்பதும், நீங்கள் கன்னடத்தில் கேட்கும் ‘நித்தெ’ என்பதும் வடமொழியின் ‘நித்ரா’ என்பதிலிருந்து வந்தவை.

மதிப்பீடு

1. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நீண்ட தொலைவு வழித்தடங்களில் ஓட்டுநரின் நாள், வார வரம்புகள் யாவை?
2. பயணக் கணக்கில் படி பெறுவது பணி நேரத்தை எவ்வாறு பாதிக்கிறது?
3. பந்திப்பூர்த் தடைக்கும் பணி நேரச் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் சென்னைப் பயணம் எவ்வாறு மாறும்? கணக்கிட்டு எழுதுக.
5. சரக்கு அனுப்பும் வணிகர் ஒருவருக்கு, விடியற்காலை வருகையை வற்புறுத்த வேண்டா எனக் கேட்டுக் கடிதம் வரைக.