குளிர்காலத்துப் பூனைப்பருந்தும் நிழற்படக் கருவியும்

நண்பர்களே, விடுதியின் மொட்டை மாடியில் நின்று வானில் வட்டமிடும் பெரிய பறவை ஒன்றைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் "கழுகு" என்று விடை கூறிவிடுவோம். அது கழுகு அன்று, கரும்பருந்து. அதன் வால் நுனி மீன்வால் போல் சற்றே பிளவுபட்டிருக்கும். பெங்களூரில் ஆண்டு முழுவதும் காணலாம். ஆனால் ஐப்பசி பிறந்ததும் இந்நகரின் ஓரத்துக்கு வேறு சில வேட்டைப் பறவைகள் வருகின்றன. பங்குனி வரை தங்கிப் பின்பு திரும்பிச் செல்கின்றன. அவற்றைக் காண்பது எப்படி, நிழற்படம் எடுப்பது எப்படி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. இடையே நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

எங்கே? எவை?

நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஹெசரகட்டா. பெங்களூருக்குக் குடிநீர் தருவதற்காக அர்க்காவதி ஆற்றின் குறுக்கே 1894-இல் அமைக்கப்பட்ட ஏரி அங்கே இருக்கிறது. அதனைச் சார்ந்து பரந்த புல்வெளி. அங்கே வரும் விருந்தினருள் முதன்மையானவை பூனைப்பருந்துகள். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை அவை. மெலிந்த உடல், நீண்ட சிறகு, நீண்ட வால். ஆந்தையின் முகத்தைப் போன்ற வட்ட முகம். அவ்வட்டம் ஒலியைத் திரட்டிச் செவிக்குத் தருகிறது. ஆகவே புல்லுக்குள் ஓடும் எலியைக் கண்ணால் மட்டுமன்றிக் காதாலும் கண்டுபிடிக்கிறது. வெட்டுக்கிளிகளையும் பெருவாரியாக உண்பதால் உழவர்க்கும் அது நண்பனே. மான்டேகு பூனைப்பருந்து, வெளிறிய பூனைப்பருந்து, சேற்றுநிலப் பூனைப்பருந்து என்பன இங்குக் காணக்கூடியவை. சில ஆண்டுகளில் ஸ்டெப்பி கழுகும் தோன்றுவதுண்டு. இக்கழுகு 2015 முதல் உலக அளவில் அழிவுறும் இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

ஏன் காலை வேளை?

இதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைகின்றன. அவற்றின் ஒளிவிலகல் எண்கள் வேறு வேறு. எனவே தொலைவிலுள்ள பொருளின் உருவம் கானல்போல் நெளிகிறது. நீண்ட குவியத்தூரமுள்ள வில்லை இந்த நெளிவையும் பெரிதாக்கிக் காட்டும். எத்தனை விலையுயர்ந்த கருவியும் இதற்கு மருந்தாகாது. காலை ஒன்பது மணிக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வதுதான் வழி.

பறவைகளின் நேரமும் இதையொட்டியே அமைகிறது. கனத்த கழுகுகள் மேலெழும் வெப்பக் காற்றை எதிர்பார்த்துக் காலையில் தரையிலோ மரத்திலோ காத்திருக்கும். பூனைப்பருந்து அப்படிக் காத்திராது. விடிந்ததுமே புல்லுக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து இரை தேடத் தொடங்கிவிடும்.

இனிக் கதிரவனைக் கவனிப்போம். பெங்களூர் 13 பாகை வடக்கு அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் இறுதியில் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். பறவையின் அடிப்பாகம் முழுவதும் நிழலாகிவிடும். டிசம்பர் 22-ஐ ஒட்டி நண்பகலிற்கூட அதன் உயரம் ஏறத்தாழ 53.5 பாகைதான். காலையிலோ இன்னும் சாய்ந்த ஒளி. காய்ந்து வெளுத்த புல்லும் அவ்வொளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்பிச் சிறகின் அடியை விளக்குகிறது.

காற்றும் நமக்குத் துணை. இப்பருவத்தில் இங்கே பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்குத் திசைகளிலிருந்தே காற்று வீசும். பூனைப்பருந்து எதிர்காற்றில் பறப்பதை விரும்பும். அப்போது நிலத்தை மெதுவாகக் கடந்து நிதானமாகத் தேடலாம் அல்லவா? ஆகவே கிழக்கே முதுகைக் காட்டி அமர்ந்தால், ஒளி நம் பின்னாலிருந்து வரும். பறவை நம்மை நோக்கி வரும். கொண்டற் காற்றும் காலைக் கதிரும் ஒரே திசையிலிருந்து வருவது குளிர்காலம் நமக்களிக்கும் கொடை.

ஒரு சிறு கணக்கு

பறவையின் உருவம் கருவிக்குள் எவ்வளவு பெரிதாக விழும்? பறவையின் அளவைக் குவியத்தூரத்தால் பெருக்கித் தொலைவால் வகுத்தால் விடை கிடைக்கும். சிறகு விரிப்பு 1.1 மீட்டர், வில்லை 400 மில்லிமீட்டர், தொலைவு 30 மீட்டர் எனக் கொண்டால், உருவம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சட்டத்தில் இது பாதிக்கும் குறைவு.

அடுத்து வேகம். பறவை குறுக்கே விநாடிக்கு 10 மீட்டர் செல்வதாக வைத்துக்கொள்வோம். ஒளித்திரை ஆயிரத்தில் ஒரு விநாடி திறந்திருந்தால் அதற்குள் பறவை 1 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் உருவம் 0.13 மில்லிமீட்டர் நகரும். இன்றைய கருவியில் ஒரு படத்துளியின் அகலம் ஏறத்தாழ 0.006 மில்லிமீட்டர். எனவே உருவம் இருபதுக்கு மேற்பட்ட துளிகளில் இழுபட்டு மங்கிவிடும்! இரண்டாயிரத்தில் ஒரு விநாடி என்று வைத்தாலும் பாதிதான் குறையும். ஆகவே பறவையோடு கருவியையும் சீராகத் திருப்பப் பழக வேண்டும். நம் வளாகத்துக் கரும்பருந்துகளே இதற்கு நல்ல ஆசான்கள். காசு கேளாமல் நாள்தோறும் பாடம் நடத்துகின்றன.

கணக்கில் இல்லாத ஒன்று

இக்கணக்கை நம்பித்தான் நான் பிழை செய்தேன். சென்ற ஆண்டு மார்கழியில், நண்பர் ஒருவரின் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு, யஷ்வந்தபுரத்திலிருந்து முதற் பேருந்தில் சென்றேன். பனி விலகியபோது, சேற்றுநிலப் பூனைப்பருந்து ஒன்று தரையில் அமர்ந்து எதையோ கிழித்து உண்டுகொண்டிருந்தது. தொலைவு 60 மீட்டர் இருக்கும். "தொலைவு பாதியானால் உருவத்தின் பரப்பு நான்கு மடங்காகும்" என்று மனம் கணக்கிட்டது. எழுந்து நடந்தேன், பிறகு விரைந்தேன். பறவை தலையை உயர்த்தி என்னைப் பார்த்தது. பார்த்ததும் இரையை விட்டுவிட்டுப் பறந்தது. மறு நிமிடமே இரண்டு காகங்கள் அந்த இரையில் இறங்கின.

விடுதிக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகும் வாலும் தெளிவாக விழுந்திருந்தன. முகம் இல்லை. அஞ்சிப் பறக்கும் பறவை நமக்கு முகம் காட்டுமா? அத்தனை தொலைவு கடந்து வந்த ஓர் உயிரின் காலை உணவை, யாருக்கும் பயன்படாத ஒரு படத்துக்காகப் பறித்துவிட்டேன். அன்று என் தட்டிலிருந்த சோற்றைப் பார்க்கவே நாணமாக இருந்தது. என் சூத்திரத்தில் தொலைவு இருந்தது, வில்லை இருந்தது, பறவையின் அச்சம் மட்டும் இல்லை.

அதன்பின் நான் நடப்பதில்லை. மங்கிய நிற உடை அணிந்து, விடியுமுன் ஒரு புதரருகே அமர்ந்துவிடுகிறேன். மூன்று விடியல்கள் வெறுங்கையோடு திரும்பினேன். நான்காம் விடியலில் ஆண் பறவை ஒன்று தானாகவே இருபது மீட்டருக்குள் வந்து, மஞ்சட் கண்ணால் என்னை நோக்கிவிட்டுத் தன் வழியே போயிற்று. இரையிட்டு அழைத்தல், கூட்டை நெருங்குதல், புல்வெளியில் வண்டி ஓட்டித் துரத்துதல் ஆகிய மூன்றையும் அறவே விலக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகள் சக்கரத்தின்கீழ் நசுங்குவது, ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இத்துறையில் நமக்கு முன்னோடிகளும் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலும் கட்டுரைகளாலும் கானுயிரை மக்களுக்கு அறிமுகம் செய்தவர். தஞ்சாவூரைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய டி. என். ஏ. பெருமாள் (1932–2017) இதே பெங்களூரில் வாழ்ந்து உலகப் புகழ் பெற்ற கானுயிர் நிழற்படக் கலைஞர்.

நிலம் நிலைக்குமா?

மரம் இல்லாத நிலத்தைப் பயனற்ற வெற்றிடம் என்று கருதுவது நம் பழக்கம். அந்த வெற்றிடமே இப்பறவைகளின் உணவறையும் உறங்கிடமும். பூனைப்பருந்துகள் இரவில் புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகத் துயில்கின்றன. புல் போனால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. அவை குறைந்து வருவதை இந்நகரிலுள்ள ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஹெசரகட்டாவைப் பாதுகாப்புப் பகுதியாக்கும் முன்மொழிவை மாநிலக் கானுயிர் வாரியம் 2021-இல் ஏற்கவில்லை. இயற்கை ஆர்வலர்கள் சோர்ந்துவிடவில்லை. 2024 அக்டோபரில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புக்கு அதே வாரியம் ஒப்புதல் அளித்தது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பறவை இருந்தது என்று காட்டும் நிழற்படம் இத்தகைய முயற்சிகளுக்குச் சான்றாக நிற்கும். அழகுக்காக எடுத்த படமும் அறத்துக்குச் சாட்சி சொல்லக்கூடும்.

நண்பர்களே, பிழைப்பையும் படிப்பையும் நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் அமைதியாக உண்ண ஒரு கைப்பிடிச் சோறும், அஞ்சாமல் உறங்க ஓர் இடமும் கிடைப்பதன் அருமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு விடியலில் ஹெசரகட்டாவுக்கு வாருங்கள். கருவி இல்லாவிட்டாலும் குற்றமில்லை, கண் போதும். வந்ததும் கிழக்கே முதுகைக் காட்டி, அசையாமல் அமருங்கள். பறவை தானே வரும்.